உள்ளே அழித்தும் வெளியே குறையாத வட்டுக் கோப்பு: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைப் பற்றியவை. மடிக்கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை (மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி; அதன் வட்டு வழக்கமாக மடிக்கணினியில் ஒரு பெரிய கோப்பாக இருக்கும்) நிறுவிச் சில மாதங்கள் பயன்படுத்திய பிறகு, அதற்குள் இருக்கும் கோப்புகளை எவ்வளவு அழித்தாலும் மடிக்கணினியில் இடம் திரும்பக் கிடைப்பதில்லை என்று மாணவர்களும் பணியில் இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்த இதழில் இதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் அந்த ஒரே வட்டுக் கோப்புக்குள் அடங்கியிருக்கக்கூடும் என்பதால், இடத்தை மீட்பதைக் காட்டிலும் உள்ளே இருப்பதைக் காப்பதே முதல் கடமை என்று கருதியே பதில்களை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். 512 ஜிபி சேமிப்பிடம் உள்ள விண்டோஸ் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் வழியாக உபுண்டு லினக்ஸை வைத்திருக்கிறேன். மெய்நிகர் வட்டின் உச்ச அளவு 120 ஜிபி. ஆய்வுத் திட்டத்துக்காக இறக்கிய தரவுகளை எல்லாம் அழித்துவிட்டேன். இப்போது உபுண்டுக்குள் 34 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் விண்டோஸில் பார்த்தால் அந்த மெய்நிகர் கணினியின் கோப்புறை இன்னும் 101 ஜிபி பிடித்திருக்கிறது. இடையில் இரண்டு ஸ்னாப்ஷாட்டுகள் (பிறகு திரும்பி வருவதற்காக அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பவை) எடுத்ததாக நினைவு. விண்டோஸில் மீதம் இருப்பதோ 11 ஜிபி தான். என்ன செய்யலாம்?
– மாணவர், தெம்பனிஸ்

பதில்: உங்கள் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. தேவைக்கேற்ப வளரும் வகையைச் சேர்ந்த மெய்நிகர் வட்டுகள் இப்படித்தான் நடந்துகொள்ளும்: உள்ளே எழுத எழுத வெளியே உள்ள கோப்பு வளரும், உள்ளே அழித்தால் அது தானாகச் சுருங்காது. காரணம், லினக்ஸோ விண்டோஸோ, ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை. அந்தக் கோப்பு இருந்த இடங்கள் இனிக் காலி என்று தன்னுடைய கணக்கில் குறித்துக்கொள்வதோடு சரி. அந்தக் கணக்கு மெய்நிகர் கணினிக்குள் இருப்பது. வெளியே இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் அதைப் படிப்பதில்லை. வாடகைக்குக் குடியிருந்தவர் அறையைக் காலி செய்துவிட்டு, சாவியை வீட்டு உரிமையாளரிடம் ஒப்படைக்காமலேயே ஊருக்குப் போய்விட்டால், உரிமையாளர் அந்த அறையில் இன்னும் ஆள் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருப்பார் அல்லவா? அதுதான் இங்கே நடக்கிறது.

ஆகவே இடத்தை மீட்பதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. வேண்டாதவற்றை உள்ளே அழிப்பது ஒன்று. காலியான இடங்கள் காலிதான் என்று வெளியே தெரியும்படி செய்வது இன்னொன்று. அதன் பிறகு வட்டுக் கோப்பைச் சுருக்குவது மூன்றாவது. நீங்கள் முதல் வேலையைச் செய்து முடித்திருக்கிறீர்கள். நடுவில் உள்ளதைச் செய்யாமல் நேராகச் சுருக்கும் கட்டளையைக் கொடுப்பவர்கள், அது பிழை எதுவும் காட்டாமல் முடிந்தும் கோப்பின் அளவு ஏறக்குறைய அப்படியே இருப்பதைக் கண்டு குழம்பிப்போகிறார்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஸ்னாப்ஷாட்டுகளைக் கவனிக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து மூல வட்டுக் கோப்பு உறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எழுதப்படும் அனைத்தும், 'ஸ்னாப்ஷாட்ஸ்' என்ற கோப்புறையில் உருவாகும் வேறுபாட்டுக் கோப்பில் போய்ச் சேர்கின்றன. நீங்கள் அழித்த தரவுகள் ஸ்னாப்ஷாட் எடுத்தபோது இருந்தவை என்றால், அந்தப் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும் என்பதற்காகவே விர்ச்சுவல்பாக்ஸ் அவற்றைக் காத்து வைத்திருக்கிறது. அவை தேவையில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட் பட்டியலுக்குப் போய் ஒவ்வொன்றாக 'டெலீட்' கொடுங்கள். இந்தச் சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது இன்றைய நிலையை அழிப்பதில்லை, வேறுபாட்டுக் கோப்பை மூலக் கோப்போடு இணைக்கிறது. அஞ்ச வேண்டியது அருகிலேயே இருக்கும் 'ரிஸ்டோர்' என்பதைக் கண்டுதான், ஏனென்றால் அது உங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், அதற்குப் பிறகு செய்த வேலையைக் கைவிடச் செய்யும். கோப்புறையைத் திறந்து, பெரிதாகத் தெரியும் வேறுபாட்டுக் கோப்பை விண்டோஸிலிருந்து நேராக அழிப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. அப்படிச் செய்தால் சங்கிலி அறுந்து, கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் செய்த வேலை முழுவதும் போய்விடும்.

இணைப்பு நடக்கும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவைப்படும். 11 ஜிபியை நம்பி அதில் இறங்காதீர்கள். மெய்நிகர் கணினியை முழுமையாக அணைத்துவிட்டு, நிலையைச் சேமித்து மூடுவது இங்கே போதாது, அதன் கோப்புறையை அப்படியே ஒரு வெளி வன்தட்டுக்குப் படி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வன்தட்டு ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்க வேண்டும். படி எடுத்து முடித்த பிறகு, காணொளிகள், பழைய பாடக் குறிப்புகள் போன்றவற்றையும் அதே வன்தட்டுக்கு மாற்றி, மடிக்கணினியில் முப்பது நாற்பது ஜிபியாவது காலியாக இருக்கும்படி செய்துகொண்டு இணைப்பைத் தொடங்குங்கள்.

அடுத்தது, காலி இடங்களைப் பூஜ்யங்களால் நிரப்புவது. வட்டு நிரம்பும் வரை பூஜ்யங்களை மட்டுமே கொண்ட பெரிய கோப்பொன்றை எழுதி, பிறகு அதை அழித்துவிடுங்கள் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது வேலை செய்யும் வழிதான். ஆனால் அப்படி எழுதும்போது வட்டுக் கோப்பு முதலில் தன் உச்ச அளவான 120 ஜிபி வரை வளர்ந்துவிடக்கூடும்; 101 ஜிபியிலிருந்து 120க்குப் போக 19 ஜிபி வேண்டும், இடம் ஒழிக்காத நிலையில் உங்களிடம் இருப்பதோ 11. பாதி வழியில் விண்டோஸ் வட்டு நிரம்பி, மெய்நிகர் கணினி நின்றுவிடும். இட நெருக்கடியில் இருப்பவர்களே இந்த வேலையில் இறங்குகிறார்கள் என்பதால், இந்த எச்சரிக்கை எல்லா இடங்களிலும் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

உபுண்டு பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைக்கு (வட்டில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறை) 'ஜீரோஃப்ரீ' என்ற சிறிய கருவி இருக்கிறது. அது காலி இடங்களைப் படித்துப் பார்த்து, பூஜ்யமாக இல்லாதவற்றில் மட்டும் பூஜ்யத்தை எழுதும். ஏற்கெனவே எழுதப்படாத இடங்களைத் தொடாது என்பதால் வட்டுக் கோப்பு வீங்குவதில்லை. ஒரே நிபந்தனை, அந்தப் பகிர்வு (வட்டின் அந்தப் பிரிவு) இயங்குதளத்தோடு இணைக்கப்படாமலோ படிக்க மட்டும் இணைக்கப்பட்டோ இருக்க வேண்டும். ஆகவே உபுண்டுவின் நிறுவல் ஐஎஸ்ஓ கோப்பை மெய்நிகர் கணினியின் குறுவட்டு இயக்கியில் பொருத்தி அதிலிருந்து தொடங்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் தெரிவைத் தேர்ந்து, அங்கே ஜீரோஃப்ரீயை, மென்பொருள் நிறுவும் 'ஏபிடி' கட்டளை வழியாக நிறுவிக்கொள்ளுங்கள். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை பகிர்வுகளின் பட்டியலைக் காட்டும். அளவைப் பார்த்து உங்கள் முதன்மைப் பகிர்வை அடையாளம் கண்டு, அதன் பெயரை ஜீரோஃப்ரீக்குக் கொடுங்கள். முடிய நேரம் பிடிக்கும். மின்னேற்றியைச் செருகி, மடிக்கணினி உறங்கிவிடாதபடி அமைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

அது முடிந்து மெய்நிகர் கணினியை அணைத்த பிறகு, விண்டோஸின் கட்டளைத் திரையில் 'விபாக்ஸ்மேனேஜ்' கருவியின் 'மாடிஃபைமீடியம் டிஸ்க்' என்ற கட்டளையை, வட்டுக் கோப்பின் முழு முகவரியோடும் 'காம்பாக்ட்' என்ற தெரிவோடும் கொடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் சொந்த வகையான விடிஐ கோப்பாக இருந்தால் சுருக்கம் தொடங்கும். விஎம்வேர் என்ற மற்றொரு மென்பொருளின் விஎம்டிகே வகையாக இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் அதைச் சுருக்காது. அதை விடிஐயாக நகலெடுத்து, புதியதைப் பொருத்தி, எல்லாம் இயங்குவதைச் சரிபார்த்த பின்னரே பழையதை நீக்க வேண்டும்.

முடிவில் கோப்பு சரியாக 34 ஜிபிக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். விடிஐ கோப்பு இடத்தை 1 எம்பி அளவுள்ள கட்டங்களாகவே கையாளுகிறது. எக்ஸ்ட்4 எழுதுவதோ 4 கேபி துண்டுகளாக. ஒரு கட்டத்துக்குள் 256 துண்டுகள் அடங்கும். அவற்றில் 255 காலியாகி ஒன்றில் மட்டும் உங்கள் கோப்பின் ஒரு பகுதி இருந்தாலும், அந்த 1 எம்பி முழுவதும் நிற்கும். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் எங்காவது வந்து நின்றால் அது நல்ல விளைவுதான்.

மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள 'எஸ்டெலீட்' என்ற கருவி அங்கே இந்த வேலையைச் செய்கிறது. அதற்கு 'இசட்' என்ற தெரிவைக் கொடுத்தால் காலி இடத்தில் பூஜ்யங்களை எழுதும். 'சி' என்பதைக் கொடுத்தால், பழைய தகவலை யாரும் மீட்டெடுக்காதபடி வேறு தரவுகளால் அதை நிரப்பிவிடும். தெரிவு மாறிப்போனால் வட்டுக் கோப்பு முழு அளவுக்கு வளர்ந்து நிற்கும், சுருக்குவதற்கு ஒன்றும் இருக்காது. எஸ்டெலீட்டை ஓட்டுவதற்கு முன்பு, உறக்கநிலைக் கோப்பை அணைத்துவிடுவதும் 'விண்டோஸ் ஓல்ட்' என்ற பழைய பதிப்பின் கோப்புறையை 'டிஸ்க் கிளீன்அப்' மூலம் நீக்குவதும் பல ஜிபியை விடுவிக்கும்.

கேள்வி: மெய்நிகர் வட்டின் உச்ச அளவான 200 ஜிபியை 80 ஆகக் குறைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது அல்லவா?
– வாசகர், ஈசூன்

பதில்: அது வேறு வேலை. உச்ச அளவு என்பது உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு நாம் காட்டும் எண். வளரும் வகை வட்டில் அந்த எண்ணால் மட்டும் வெளியே இடம் போவதில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் உச்ச அளவைக் கூட்டலாம், குறைக்க முடியாது. குறைத்தே ஆகவேண்டும் என்றால், 80 ஜிபியில் புதிய வட்டொன்றை உருவாக்கி, உள்ளே இருப்பதை அதற்கு மாற்றிக்கொள்வதே பாதுகாப்பான வழி.

கேள்வி: அலுவலக மடிக்கணினியில் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யுஎஸ்எல்2 வசதி வழியாக லினக்ஸும், கூடவே செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கர் டெஸ்க்டாப்பும் பயன்படுத்துகிறேன். மெய்நிகர் கணினி எதையும் நான் உருவாக்கவில்லை. ஆனாலும் சி வட்டில் பெரிய கோப்புகள் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. இவற்றை அழிக்கலாமா?
– மென்பொருள் பொறியாளர், செங்காங்

பதில்: அழிக்கக் கூடாது. டபிள்யுஎஸ்எல்2 என்பதே மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி என்ற மெய்நிகர் கணினித் தொழில்நுட்பத்தின் மேல் இயங்கும் மெய்நிகர் கணினிதான். உங்கள் லினக்ஸின் கோப்புகள் எல்லாம் 'எக்ஸ்ட்4' என்ற பெயருள்ள ஒரே விஎச்டிஎக்ஸ் வகை வட்டுக் கோப்புக்குள் இருக்கின்றன; டாக்கர் தன் படிமங்களுக்கும் (கொள்கலன்களை உருவாக்கும் அச்சுகள்) தரவுகளுக்கும் தனியாக இன்னொரு விஎச்டிஎக்ஸ் கோப்பை வைத்துக்கொள்கிறது. அவற்றை அழித்தால் லினக்ஸும் அதிலுள்ள நிரல்களும் சேர்ந்தே போய்விடும்.

முதலில் உள்ளே களையெடுங்கள். டாக்கரில் 'சிஸ்டம் ப்ரூன்' கட்டளை, நின்றுபோன கொள்கலன்களையும் எதிலும் சேராத படிமங்களையும் உருவாக்கத் தற்காலிகச் சேமிப்பையும் நீக்கும். அத்துடன் 'வால்யூம்ஸ்' என்ற தெரிவைச் சேர்ப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள், ஏனென்றால் தரவுத்தளங்களின் உள்ளடக்கம் வழக்கமாக வால்யூம்களில்தான் இருக்கிறது. லினக்ஸ் பக்கத்தில் 'ஏபிடி கிளீன்' கட்டளையும், 'ஜர்னல்சிடிஎல்' பதிவுகளின் அளவுக்கு வரம்பு வைப்பதும் கணிசமான இடத்தை விடுவிக்கும்.

இங்கே உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. டபிள்யுஎஸ்எல்2 தன் எக்ஸ்ட்4 வட்டை 'டிஸ்கார்ட்' என்ற தெரிவோடு இணைப்பதால், உள்ளே அழிக்கப்படும் இடங்கள் பற்றிய செய்தி மெய்நிகர் வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பூஜ்யம் எழுதும் சிரமம் இல்லை. ஆகவே டாக்கரை மூடி, 'டபிள்யுஎஸ்எல்' கட்டளையை 'ஷட்டவுன்' தெரிவோடு கொடுத்து லினக்ஸ் முழுவதையும் நிறுத்துங்கள். பிறகு நிர்வாகி உரிமையோடு 'டிஸ்க்பார்ட்' கருவியைத் திறந்து, 'செலக்ட் விடிஸ்க்' என்று அந்தக் கோப்பின் முகவரியைக் கொடுத்து, 'அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி', 'காம்பாக்ட் விடிஸ்க்', 'டிட்டாச் விடிஸ்க்' என்ற மூன்று கட்டளைகளையும் இதே வரிசையில் கொடுங்கள். படிக்க மட்டும் என்ற அந்த 'ரீட்ஒன்லி' சொல்லை விட்டுவிடாதீர்கள். ஹைப்பர்-வி தொகுப்பில் வரும் 'ஆப்டிமைஸ்-விஎச்டி' கட்டளையும் இதையே செய்யும்; ஆனால் அது விண்டோஸ் ஹோம் பதிப்பில் கிடைப்பதில்லை, டிஸ்க்பார்ட் எல்லாப் பதிப்புகளிலும் இருக்கிறது. அலுவலகக் கணினியில் நிர்வாகி உரிமை இல்லாவிட்டால் உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

டபிள்யுஎஸ்எல்லின் வட்டை 'ஸ்பார்ஸ்' வகையாக மாற்றினால் அது தானாகவே சுருங்கிக்கொள்ளும் என்று உங்கள் சக ஊழியர்கள் சொல்லியிருக்கக்கூடும். 2023இல் அந்த வசதி வந்தது உண்மை. ஆனால் தரவு சிதைவுக்கு வாய்ப்பிருப்பதாகக் கூறி, பின்வந்த பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் அதைத் தடுத்து, பாதுகாப்பற்றது என்று வெளிப்படையாகப் பெயரிட்ட ஒரு தெரிவைச் சேர்த்தால் மட்டுமே அனுமதிக்கிறது. உருவாக்கியவர்களே அப்படிச் சொல்லும் ஒன்றை அலுவலக வேலை இருக்கும் வட்டில் இயக்க வேண்டாம். மாதம் ஒருமுறை டிஸ்க்பார்ட்டைக் கொண்டு சுருக்குவது போதும்.

கேள்வி: மேக்புக்கில் மெய்நிகர் வட்டைச் சுருக்கினேன். கோப்பு குறைந்துவிட்டதாகவே காட்டுகிறது, ஆனால் மேக்கில் காலி இடம் கூடவில்லை. மேலும், டாக்கரின் 'ரா' வட்டுக் கோப்பை வெளி வன்தட்டுக்குப் படி எடுத்தபோது அது பல மடங்கு பெரிதாகிவிட்டது. ஏன்?
– ஆசிரியை, புக்கிட் பாத்தோக்

பதில்: இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் மேக்கின் காப்புப் படி வசதியான டைம் மெஷினாக இருக்கும். வெளி வன்தட்டு இணைக்கப்படாத வேளைகளிலும் அது மேக்கின் உள் வட்டிலேயே உள்ளூர் ஸ்னாப்ஷாட்டுகளை எடுத்து வைக்கிறது. நீங்கள் சுருக்குவதற்கு முன்பிருந்த பெரிய கோப்பின் பகுதிகளை அந்த ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொண்டிருக்கும் வரை இடம் விடுபடாது. வழக்கமாக 24 மணி நேரத்தில் அவை தாமாகவே நீங்கிவிடும். இடம் நெருக்கடியானால் மேக் முன்னதாகவே நீக்கிவிடும். பொறுத்திருக்கலாம்; அவசரமென்றால் 'டிஸ்க் யூட்டிலிட்டி'யில் வட்டைத் தேர்ந்தெடுத்து ஸ்னாப்ஷாட்டுகளின் பட்டியலைத் திறந்து நீக்கலாம்.

இரண்டாவது, உங்கள் மேக்கின் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறை, எழுதப்படாத பகுதிகளுக்கு இடம் ஒதுக்காமல் கோப்புகளை வைத்திருக்க வல்லது. டாக்கரின் அந்தக் கோப்பு 64 ஜிபி என்று காட்டினாலும் உண்மையில் 15 ஜிபி மட்டுமே பிடித்திருக்கலாம். 'எல்எஸ்' கட்டளை முதல் எண்ணையும் 'டியு' கட்டளை இரண்டாவது எண்ணையும் சொல்லும். எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள வெளி வன்தட்டுக்கு இந்தத் திறமை கிடையாது என்பதால், படி எடுக்கும்போது காலிப் பகுதிகளும் பூஜ்யங்களாக எழுதப்பட்டுவிடுகின்றன. காப்புப் படிக்கென்று வைத்திருக்கும் வன்தட்டை ஏபிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது அதிலுள்ளவை அழிந்துவிடும் என்பதால் முன்னதாக வேறிடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சலுகைத்தொகையில் இணையப் பாதுகாப்புப் பயிற்சியொன்றில் சேர்ந்திருக்கிறேன். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் 'காலி' என்ற பெயருள்ள லினக்ஸ் வகையை நிறுவியபோது, முழு வட்டையும் குறியாக்கம் செய்யும் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும்) தெரிவைத் தேர்ந்தெடுத்தேன். இடத்தை மீட்பதற்காக உள்ளே பூஜ்யங்களால் நிரப்பிய கோப்பை எழுதினேன். வட்டுக் கோப்பு முழு அளவுக்கு வளர்ந்துவிட்டது; சுருக்கியும் குறையவில்லை. மடிக்கணினியில் 2 ஜிபி தான் மீதம் இருக்கிறது. பயிற்சியின் ஒப்படைப்புகள் அனைத்தும் அதற்குள் இருக்கின்றன.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஐயா, முதலில் உங்கள் ஒப்படைப்புகள் பத்திரமாக இருக்கின்றன, பூஜ்யங்கள் எழுதப்பட்டது காலி இடத்தில் மட்டுமே. நீங்கள் கொடுத்த கட்டளையும் பொதுவாகச் சரியானதுதான். குறியாக்கம் செய்த வட்டுக்கு அது பொருந்தாது என்பதை அந்தக் கட்டளையைச் சொல்லிக் கொடுத்தவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

லினக்ஸின் 'லக்ஸ்' குறியாக்கம் கோப்பு முறைக்கும் வட்டுக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறது. நீங்கள் எழுதிய பூஜ்யங்கள் அதைக் கடந்து வட்டுக்குப் போகும்போது, எந்த ஒழுங்கும் தெரியாத தரவுகளாக மாறிவிடுகின்றன. அப்படி மாறுவதுதான் குறியாக்கத்தின் வேலை. வெளியே இருந்து பார்க்கும் விஎம்வேருக்கு வட்டு முழுவதும் முக்கியமான தகவல்களாகவே தெரிகின்றன. சுருக்குவதற்கு ஒரு பூஜ்யம்கூட அகப்படாது. கோப்பு முறையிலேயே உள்ளடக்கத்தை அமுக்கி வைக்கும் பிடிஆர்எஃப்எஸ் போன்றவற்றிலும் பூஜ்ய வழி பயன்படாது, ஆனால் காரணம் வேறு: எழுதப்படும் பூஜ்யங்கள் ஒன்றுமில்லாத அளவுக்கு அமுக்கப்பட்டுவிடுவதால் காலி இடத்தை அவை சென்றடைவதே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மடிக்கணினியில் உள்ள படங்கள், காணொளிகள் போன்ற வேறு கோப்புகளை வெளி வன்தட்டுக்கு நகர்த்தி, கொஞ்சம் மூச்சு விட இடம் உண்டாக்குங்கள். காலி லினக்ஸைத் தொடங்கி, நீங்கள் எழுதிய அந்தப் பூஜ்யக் கோப்பு இன்னும் இருந்தால் அழியுங்கள். பிறகு ஒப்படைப்புகள், குறிப்புகள், நீங்கள் எழுதிய நிரல்கள் ஆகியவற்றை யுஎஸ்பி வழியாக வெளி வன்தட்டுக்குப் படி எடுத்து, அந்தப் படியைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு இடங்களில் படி இருந்தால் இன்னும் நிம்மதி.

அதன் பிறகு, அந்த வட்டைச் சீர்செய்ய முயல்வதைவிட, புதிய மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, காலி லினக்ஸை மறுபடி நிறுவி, உங்கள் கோப்புகளை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. மறுநிறுவலுக்கு ஒரு மாலைப் பொழுது போதும். புதியது ஒழுங்காக இயங்குவதைக் கண்ட பின்னர் பழையதை விஎம்வேரின் பட்டியலிலிருந்து, வட்டிலிருந்தும் நீக்கும் தெரிவைக் கொடுத்து அகற்றினால், அது பிடித்திருந்த இடம் முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

புதிய மெய்நிகர் கணினிக்குள் குறியாக்கம் தேவையா என்பதையும் யோசித்துப் பாருங்கள். பயிற்சிக்கான மெய்நிகர் கணினிக்கு, மடிக்கணினியின் வட்டை விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் செய்திருந்தாலே பெரும்பாலும் போதும். உள்ளே இன்னொரு அடுக்கு வேண்டியதில்லை. குறியாக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டே இடத்தை மீட்கவும் வழி உண்டு: லக்ஸில் 'டிஸ்கார்ட்' செய்தியை அனுமதிக்கலாம். எந்த இடங்கள் காலி என்பது வெளியே தெரிந்துவிடும் என்பதற்காகவே அது இயல்பாக அடைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறப்பது ஒரு பாதுகாப்பு முடிவு என்பதால், அறிந்து எடுக்க வேண்டியது. மேலும் அந்தச் செய்தியை ஏற்றுக்கொள்ளும் வகையில் மெய்நிகர் வட்டும் அமைக்கப்பட்டிருந்தால்தான் அதனால் பயன் உண்டு.

இன்னொன்று, விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்தாலும், வட்டை உருவாக்கும்போதே முழு இடத்தையும் ஒதுக்கியிருந்தாலும் சுருக்கும் வசதி இயங்காது. புதியதை உருவாக்கும்போது முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கும் தெரிவைக் குறியிடாமல் விடுங்கள்.

கேள்வி: சிராங்கூன் ரோடு அருகே சிறிய துணைப்பாட நிலையம் நடத்துகிறோம். பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் நிறுவிய ஒரே கணினியில் ஐந்து மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. பூஜ்யம் எழுதுவது, அணைப்பது, சுருக்குவது என்று ஒவ்வொரு மாதமும் செய்ய எங்களால் இயலாது. தானாக நடக்க வழி இருக்கிறதா?
– நிர்வாகி, லிட்டில் இந்தியா

பதில்: இருக்கிறது, உங்கள் அமைப்பு அதற்கு மிகவும் ஏற்றது. பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் 'ஹார்ட்வேர்' பகுதியிலும் வட்டைத் திறந்து 'டிஸ்கார்ட்' என்ற கட்டத்தைக் குறியிடுங்கள். வட்டு 'விர்ட்ஐஓ ஸ்கசி' வழியாக இணைக்கப்பட்டிருப்பது சிறந்தது. உள்ளே இருப்பது விண்டோஸ் என்றால் 'எஸ்எஸ்டி எமுலேஷன்' என்பதையும் சேர்த்துக் குறியிடுங்கள். அப்போதுதான் அந்த வட்டைத் திடநிலை வட்டாக எண்ணி விண்டோஸ் நடந்துகொள்ளும். மாற்றம் நடைமுறைக்கு வர, உள்ளிருந்து மறுதொடக்கம் செய்வது போதாது. மெய்நிகர் கணினியை முழுமையாக அணைத்து, பிராக்ஸ்மாக்ஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பிறகு லினக்ஸுக்குள் 'எஃப்எஸ்ட்ரிம்' கட்டளையை 'ஏ', 'வி' தெரிவுகளோடு ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பு முறையிலும் எவ்வளவு இடம் திருப்பித் தரப்பட்டது என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லும். டிஸ்கார்ட் குறியிடப்படாமல் இருந்தால், அந்தச் செயல் ஆதரிக்கப்படவில்லை என்ற பிழை வரலாம் அல்லது பட்டியல் வெறுமையாக இருக்கலாம். எண்கள் வந்தால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். உபுண்டுவில் வாரம் ஒருமுறை இதைத் தானாகச் செய்யும் 'எஃப்எஸ்ட்ரிம் டைமர்' இயல்பாகவே இயங்குகிறது. மற்ற லினக்ஸ் வகைகளில் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளை மூலம் அதை இயக்கிவிடலாம். விண்டோஸில் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' அட்டவணை அதே வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் கீழே இருக்கும் சேமிப்பு வகையும் ஒத்துழைக்க வேண்டும். எல்விஎம்-தின் (எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் லினக்ஸ் சேமிப்பு வகை), இசட்எஃப்எஸ், கியூகவ்2 கோப்புகள் ஆகியவற்றில் இடம் திரும்பக் கிடைக்கும். சாதாரண எல்விஎம் வகையில் ஒவ்வொரு வட்டுக்கும் முழு இடமும் முன்பே ஒதுக்கப்பட்டுவிடுவதால், உள்ளே எவ்வளவு விடுவித்தாலும் மற்றவற்றுக்குப் போகாது. ஸ்னாப்ஷாட் நிற்கும் வரை அதன் பழைய பகுதிகளும் விடுபடாது; மேம்படுத்தலுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டை, எல்லாம் சரியாக இருப்பதைக் கண்டதும் நீக்கிவிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் மாணவர்களின் பதிவேடுகள் அந்த ஒரே கணினியில் இருக்கின்றன. எல்விஎம்-தின் வகையில், உண்மையில் இருக்கும் இடத்தைவிட அதிகமாக மெய்நிகர் கணினிகளுக்கு வாக்களித்துவிட முடியும். 500 ஜிபி சேமிப்புத் தொகுப்பில் தலா 200 ஜிபி வீதம் ஐந்து வட்டுகளை உருவாக்கினாலும் அது மறுப்பதில்லை. ஐந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, தொகுப்பு நூறு விழுக்காடு நிரம்பிவிட்டால், உள்ளே இருக்கும் இயங்குதளங்கள் தங்களிடம் இன்னும் இடம் இருப்பதாக நம்பி எழுதிக்கொண்டே இருக்கும். அந்த எழுத்துகள் தோல்வியடைந்து, கோப்பு முறைகள் ஒரே நேரத்தில் சிதையக்கூடும். ஆகவே பிராக்ஸ்மாக்ஸின் கட்டளைத் திரையில் 'எல்விஎஸ்' என்று கொடுத்து, 'டேட்டா' விழுக்காட்டையும் 'மெட்டா' விழுக்காட்டையும் வாரம் ஒருமுறை பாருங்கள். மெட்டா என்பது எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற குறிப்பேட்டுக்கான இடம். அது நிரம்பினாலும் தொகுப்பு நின்றுவிடும். இரண்டில் எதுவாவது 80ஐத் தாண்டினால், புதிய மெய்நிகர் கணினி எதையும் சேர்க்காமல், பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கி, எஃப்எஸ்ட்ரிம்மைக் கையால் ஒருமுறை ஓட்டுங்கள். அதன் பிறகும் இறங்காவிட்டால் கூடுதல் வட்டு வாங்கித் தொகுப்பை விரிவாக்குங்கள். காப்புப் படிகளை அதே தொகுப்பில் வைக்காமல் தனி வட்டிலோ வேறொரு கணினியிலோ வைத்திருங்கள்.